வலி தெரியாத முஷ்டி: குத்துச்சண்டை வீரர்களின் கைகளில் ஏறும் ஊசி

வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக மூன்றரை ஆண்டுகள் மேடை மறுக்கப்பட்ட முகமது அலி, 1970 அக்டோபர் 26 அன்று அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியை எதிர்த்து மீண்டும் களம் இறங்கினார். கால்களில் பழைய துள்ளல் குறைந்திருந்ததை ரசிகர்கள் கண்ணால் பார்த்தார்கள். கைகளில் இருந்த கோளாறு மட்டும் வெளியே தெரியவில்லை. அந்த இரண்டாம் காலகட்டத்தில் போட்டிகளுக்கு முன் அலியின் கைகளை ஊசி போட்டு மரக்கச் செய்ததை, அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். இதே பச்சேகோதான் 1977இல் எர்னி ஷேவர்ஸுடனான போட்டிக்குப் பிறகு, அலியின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் அறிக்கையைச் சுட்டிக்காட்டி, இனி சண்டை வேண்டாம் என்று வற்புறுத்தினார். யாரும் செவிகொடுக்காததால் அலியின் முகாமை விட்டு விலகினார். வீரரின் உடல்மீது அக்கறை கொண்ட ஒரு மருத்துவரே ஊசியையும் கையில் எடுத்தார் என்பதில் இந்தப் பிரச்சினையின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

குத்துச்சண்டை வீரரின் கையில் வலியை அடக்கும் ஊசி போடுவது சிகிச்சையா, ஏமாற்றா, அல்லது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏதோ ஒன்றா? கையின் சொந்தக்காரர் சம்மதித்தால் போதுமா? மருத்துவம், விதிகள், பணம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் இந்தக் கேள்வி நிற்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

கை எதற்காக உடைகிறது

மனிதக் கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. பிடிக்கவும் தூக்கவும் நுட்பமான வேலைகள் செய்யவும் பொருத்தமாக அமைந்தவை அவை. மண்டையோட்டில் மோதுவது அவற்றின் வேலையே இல்லை. ஒலிம்பிக் தரத்திலான வீரர்கள் ஏழு பேரை வைத்து வாலிகோ, வியானோ, பிர் ஆகியோர் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குத்தின் சராசரி விசை 3427 நியூட்டன். கை பாயும் வேகம் நொடிக்கு 9 மீட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழ 350 கிலோ எடை அழுத்துவதற்குச் சமமான அந்த விசை, முஷ்டியின் முன்பக்கத்தில் இருக்கும் ஓரிரு முட்டிகள் வழியாகத்தான் கடக்கிறது.

மருத்துவ நூல்கள் 'குத்துச்சண்டை வீரர் முறிவு' என்று குறிப்பிடுவது சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதி உடைவதை. அது பெரும்பாலும் பயிற்சி இல்லாமல் ஆத்திரத்தில் கையை வீசுபவர்களுக்கு வருவது. பயிற்சி பெற்றவர் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளால் நேராகக் குத்துகிறார். ஆகவே அவருடைய காயங்களும் அங்கேதான் சேர்கின்றன. விரலை நிமிர்த்தும் தசைநாண் முட்டியின் மேல் நழுவாமல் இருக்க, இருபுறமும் மெல்லிய பட்டைகள் அதைப் பிடித்து நிற்கின்றன. திரும்பத் திரும்ப அடிபடும்போது அந்தப் பட்டைகள் கிழிகின்றன; அடியில் இருக்கும் மூட்டு உறையும் சில சமயம் சேர்ந்தே கிழிகிறது. இதைத்தான் 'வீரர் முட்டி' என்கிறார்கள். முட்டி வீங்கும். விரலை மடக்கினால் தசைநாண் ஒரு பக்கமாக வழுகும். இன்னொரு காயம் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் வருவது. அசையாமல் இறுகியிருக்க வேண்டிய அந்த மூட்டுகள் தளர்ந்து, ஒவ்வொரு குத்துக்கும் ஆடத் தொடங்கும்.

இந்த இரண்டும் எவ்வளவு பரவலானவை என்பதற்கு நல்ல சான்று பிரிட்டனின் ஒலிம்பிக் குத்துச்சண்டை அணியை 2005 முதல் 2012 வரை தொடர்ந்து கண்காணித்த ஆய்வு. மைக் லூஸ்மோரும் சக மருத்துவர்களும் நடத்திய அந்த ஆய்வில், கையிலும் மணிக்கட்டிலும் ஏற்பட்ட காயங்களுள் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் காணப்பட்டவை இவையே. பயிற்சியில் ஆயிரம் மணி நேரத்துக்கு அரைக் காயம்கூட இல்லை. போட்டியில் ஆயிரம் மணி நேரத்துக்கு 347 காயங்கள். அதே கை, அதே ஆள். பயிற்சியில் கையுறை பெரியது, கட்டுத்துணி தடிமனானது, குத்தின் வேகமும் கட்டுக்குள் இருக்கும். போட்டியில் மூன்றும் மாறிவிடுகின்றன. கைக்காயம் தலைவிதியால் வருவது என்று தொழிலில் இருப்பவர்களே நம்பிக்கொண்டிருக்கையில், அதில் பெரும்பகுதி சூழலால் வருவது என்று இந்த எண்கள் சொல்கின்றன. மாற்றக்கூடிய சூழலை மாற்றாமல் ஊசியைத் தேடுவது இங்கிருந்தே தவறாகத் தொடங்குகிறது.

ஊசிக்குள் இருப்பவை

'வலி ஊசி' என்று பொதுவாகச் சொன்னாலும் கைக்காக வீரர்கள் நாடுவது மூன்று வெவ்வேறு வகை மருந்துகளை. வேலையும் வேறு, ஆபத்தும் வேறு.

முதல் வகை, மரக்கச் செய்யும் மருந்து. 1884இல் கார்ல் கோல்லர் கோக்கைனைக் கண் அறுவைக்குப் பயன்படுத்தியதில் இதன் வரலாறு தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகெய்ன் வந்தது. 1943இல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெய்னைத் தயாரித்தார். சைலோகெய்ன் என்ற பெயரில் பல் மருத்துவரிடம் நாம் எல்லாரும் அறிந்த மருந்து அதுதான். நரம்பு இழைகளில் சோடியம் அயனிகள் புகும் வாயில்களை இது அடைத்துவிடுவதால் வலிச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. லிடோகெய்ன் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். புபிவகெய்ன் இன்னும் பல மணி நேரம். பன்னிரண்டு சுற்றுப் போட்டி இடைவேளைகளையும் சேர்த்து 47 நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் லிடோகெய்னே அதற்குத் தாராளம்.

இந்த மருந்து குத்துச்சண்டைக்கு இவ்வளவு வசதியாக அமைந்ததற்கு உடற்கூறில் காரணம் இருக்கிறது. விரல்களை இறுக்கி மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன; குத்தின் பலம் கால், இடுப்பு, தோள் வழியாக வருகிறது. முட்டியைச் சுற்றி மட்டும் மரக்கச் செய்தால் அவை எதுவும் பாதிக்கப்படுவதில்லை. பலம் அப்படியே இருக்கும்; கை தாங்குகிறதா என்று சொல்லும் உணர்வு மட்டும் போய்விடும்.

இரண்டாவது வகை ஸ்டீராய்டு. மூட்டுவாதத்துக்குக் கார்ட்டிசோன் செய்த அற்புதத்தால் 1950இல் அதன் ஆய்வாளர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டுகளிலேயே மூட்டுக்குள் நேரடியாக ஸ்டீராய்டு செலுத்தும் முறை பரவியது. அழற்சியை இது அடக்கும், வீக்கம் வடியும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாணும் தசைநாரும் வலுவிழக்கும், குருத்தெலும்பு தேயும், தோல் மெலியும். அடிபட்டுக் கிழிந்த ஒரு பட்டை மீண்டும் ஒட்டுவதற்கு அழற்சியும் தேவை. அதை அடக்கிவிட்டு மறுநாளே அந்தக் கையால் குத்துவது, ஆறவேண்டிய காயத்தை ஆறவிடாமல் செய்வதுதான்.

மூன்றாவது கெட்டோரோலாக்; அமெரிக்காவில் டோரடால் என்பார்கள். 1989இல் அங்கே அனுமதி பெற்ற இந்த மருந்து கையில் ஏற்றப்படுவதில்லை. இடுப்பிலோ தோளிலோ போட்டால் உடல் முழுக்க வலி தணியும். உணர்வை அடியோடு போக்காது என்பதால் இதைச் சாதுவானதாகக் கருதுகிறார்கள். உண்மையில் குத்துச்சண்டைக்கு இதுவே மிக அச்சமூட்டுவது. இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொண்டு உறைவதை இது தடுக்கிறது. மூளையில் இரத்தக்கசிவு இருப்பதாகச் சந்தேகம் இருந்தாலே கொடுக்கக் கூடாது என்று மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. தலையில் அடிவாங்கப் போகிறவருக்கு, அடி விழுவதற்குச் சில மணி நேரம் முன்னால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுப்பது எந்த மருத்துவ நியாயத்துக்குள் அடங்கும்? குத்துச்சண்டையில் உயிர்கள் போவது பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கசிந்து தேங்குவதால்தான்.

வலி செய்யும் வேலை

2001 மே 26 அன்று கிராண்ட் ராப்பிட்ஸில் கார்லோஸ் ஹெர்னாண்டஸை எதிர்த்து ஃப்ளாய்டு மேவெதர் ஆடினார். ஏற்கெனவே நொந்திருந்த கையால் ஒரு குத்து விட்டதும், வலி தாளாமல் அவர் கையுறை தரையைத் தொட்டது. எதிராளி அவரைச் சாய்க்கவில்லை. இருந்தும் விதிப்படி அது வீழ்ச்சி என நடுவர் எண்ணினார். தோல்வியே அறியாமல் ஓய்வுபெற்ற ஒருவரின் பதிவேட்டில் இருக்கும் அந்த வீழ்ச்சிக்குக் காரணம் அவருடைய சொந்தக் கை. அதன் பிறகு அவர் ஆட்டத்தை மாற்றிக்கொண்டு, எச்சரிக்கையாகக் குத்தி, நடுவர்களின் தீர்ப்பில் வென்றார்.

2003 ஜூன் 7 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மிக்கி வார்டுடன் மூன்றாம் முறை மோதிய ஆர்ட்டுரோ கட்டி, நான்காம் சுற்றில் வலதுகையை உடைத்துக்கொண்டார். சிறிது நேரம் அந்தக் கையை அடக்கி வைத்து, இடதுகையால் தாக்குப்பிடித்து, ஆறாம் சுற்றில் ஒருமுறை விழுந்து எழுந்து, கடைசியில் வென்றார். 1985 ஏப்ரல் 15 அன்று மார்வின் ஹேக்லரை எதிர்த்த தாமஸ் ஹேர்ன்ஸ் முதல் சுற்றிலேயே வலதுகையை உடைத்துக்கொண்டார். மூன்றாம் சுற்றில் போட்டி நிறுத்தப்பட்டது.

மூவருக்கும் வலி ஒரே செய்தியைத்தான் சொன்னது: இந்தக் கையை இனி அளந்து பயன்படுத்து. ஒருவர் நிதானித்தார், ஒருவர் கை மாற்றினார், ஒருவர் தோற்றார். வலிக்குப் பதில் சொல்லும் இந்த விதங்களும் இந்த விளையாட்டின் திறமையில் சேர்ந்தவை. வலியே வராத கைக்கு அந்தத் தேர்வு கிடைப்பதில்லை. விரிசல் விட்ட எலும்பு இரண்டாகப் பிளந்தாலும், அரைகுறையாகக் கிழிந்த பட்டை முழுதாக அறுந்தாலும், உடைமாற்றும் அறையில் மருந்து இறங்கிய பிறகுதான் சேதி தெரியும்.

ஊசிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது

எதிர்த்தரப்பு வாதங்கள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. முதல் வாதம்: வலியோடு இருக்கும் வீரர் எப்படியும் மேடை ஏறத்தான் போகிறார். மருத்துவர் மறுத்தால் சுத்தமில்லாத ஊசியோடு வேறு யாரோ போடுவார்கள். மூட்டுக்குள் சீழ் பிடிக்கும், தவறுதலாக இரத்தக்குழாயில் மருந்து இறங்கும். படித்தவர் கையால் போடுவது குறைந்த தீங்கு. இரண்டாவது: வயது வந்தவர், ஆபத்தைத் தெரிந்து சம்மதிக்கிறார், தலையில் குத்துவாங்கச் சம்மதிக்க உரிமையுள்ளவருக்குக் கையில் ஊசி போட்டுக்கொள்ள உரிமை இல்லையா? மூன்றாவது: மரத்த கை சாதாரணக் கையைவிடப் பலமானது இல்லை, இழந்ததைத் திருப்பித் தருகிறதே ஒழிய, புதிதாக எதையும் கூட்டவில்லை.

இவற்றுக்குத் துணையாக ஒரு நல்ல ஆய்வும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜான் ஆர்ச்சர்ட், தொழில்முறை ரக்பி லீக், ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து அணிகளின் மருத்துவராக, மரப்பு ஊசி போட்டு ஆட அனுப்பிய காயங்களைக் கணக்கெடுத்து 2002இல் வெளியிட்டார். 268 காயங்களில் 11 சிறிய சிக்கல்கள், 6 பெரிய சிக்கல்கள். யாருடைய ஆட்ட வாழ்வும் முடிந்துபோகவில்லை. களம் இறங்கியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஊசியோடு இறங்கினார். காயம் மோசமாகும் அபாயத்தை வீரருக்கு முழுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் அவர் எழுதினார். ஊசி போட்டால் பேரழிவு என்று கத்துபவர்களுக்கு இது நேர்மையான மறுப்பு.

ஆனால் இதைக் குத்துச்சண்டைக்குக் கொண்டுவரும்போது இரண்டு இடங்களில் பொருத்தம் விட்டுப்போகிறது. கால்பந்தாட்டக்காரருக்கு விரலும் விலாவும் ஆட்டத்தில் இடையிடையே அடிபடும் உறுப்புகள். குத்துச்சண்டைக்காரருக்குக் கையே கருவி. மரத்த இடத்தின்மீதுதான் ஒவ்வொரு குத்தும் விழுகிறது. அடுத்து, கால்பந்தில் மரத்த விரல் எதிரணிக்காரரின் மூளையைக் குறிவைப்பதில்லை. சம்மதம் பற்றிய வாதம் உடைவதும் இதே இடத்தில்தான்.

எதிரில் நிற்பவர்

நவீனக் குத்துச்சண்டை தொடக்கத்தில் வெறுங்கையால் நடந்தது. 1889 ஜூலை 8 அன்று மிசிசிப்பியில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் 75 சுற்றுகள் மோதிய போட்டியே அந்த முறையில் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டப் போட்டி. அவ்வளவு நீண்ட சண்டைகள் சாத்தியமானதற்கு ஒரு காரணம், உறையில்லாத கையால் மண்டையைத் தொடர்ந்து அடித்தால் முதலில் உடைவது கையே என்பது. 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. உறை முகத்தில் விழும் வெட்டுக்காயத்தைக் குறைத்தது, கையைக் காத்தது. கை காக்கப்பட்டதால் தலையை நோக்கி வரும் குத்துகள் கூடின. கட்டுத்துணியும் பட்டியும் அந்தப் பாதுகாப்பை இன்னொரு படி உயர்த்தின. மரப்பு ஊசி அந்த வரிசையின் கடைசிப் படி: கையின் அச்சத்தை முழுவதுமாக நீக்கி, அதன் விலையை எதிராளியின் தலைமேல் வைப்பது.

இதற்கு ஒரு பதில் உண்டு. எதிராளி முழுப் பலம் கொண்ட ஒருவரோடு மோதத்தானே சம்மதித்தார். ஊசி அந்த முழுப் பலத்தை மீட்டுத் தருகிறது, அதில் அவருக்கு என்ன நட்டம் என்பார்கள். முழுப் பலம் கொண்ட மனிதர் என்றால் வலியும் சேர்ந்தவர். நல்ல கையோடு மேடை ஏறுபவருக்குக்கூட, மண்டையில் கோணலாக விழும் குத்து ஒவ்வொன்றும் கணக்குக் கேட்கும். அடுத்த குத்து சற்றுத் தணிந்து வரும். மரத்த கை அப்படித் தணிவதே இல்லை. எதிராளி சம்மதித்தது முதலாமவரோடு. இரண்டாமவரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

கையின் வெளிப்புறத்தை இந்த விளையாட்டு எவ்வளவு கடுமையாகக் காவல் காக்கிறது என்பதை நினைத்தால் முரண் இன்னும் துலங்கும். 1983 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் கையுறைப் பஞ்சு அகற்றப்பட்ட லூயிஸ் ரெஸ்டோவின் கைகள், பில்லி காலின்ஸ் என்ற இளைஞரின் பார்வையையும் வாழ்க்கையையும் சிதைத்தன. ரெஸ்டோவும் அவருடைய பயிற்சியாளரும் சிறை சென்றனர். 2009 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அன்டோனியோ மார்கரிட்டோவின் கட்டுத்துணிக்குள் கெட்டியான பொருள் தோய்ந்த பட்டை இருப்பதை, எதிராளி ஷேன் மோஸ்லியின் பயிற்சியாளர் நசீம் ரிச்சர்ட்சன் கண்டுபிடித்தார். போட்டிகளை மேற்பார்வையிடும் கலிஃபோர்னியா மாநில ஆணையம் மார்கரிட்டோவின் உரிமத்தை ரத்து செய்தது. இன்றும் பெரிய போட்டிகளில் கட்டுப்போடும்போது எதிரணியின் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பார். அதிகாரி கட்டின்மேல் கையெழுத்திடுவார். துணிக்கு இத்தனை சாட்சிகள். அந்தத் துணிக்கு அடியில், தோலுக்குள் அரைமணி நேரம் முன்பு என்ன ஏறியது என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

விதிகள் என்ன சொல்கின்றன

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் பட்டியலில் மரக்கச் செய்யும் மருந்துகள் இல்லை. 2004க்கு முன்பு ஒலிம்பிக் பட்டியலில் அவற்றுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. வாடா அவற்றைக் கைவிட்டது. ஸ்டீராய்டு நிலை வேறு. 2022 ஜனவரி 1 முதல், போட்டிக் காலத்தில் எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் தடை. மூட்டுக்குள் போடுவதற்குப் போட்டிக்கு முன் குறைந்தது 3 நாள் இடைவெளி வேண்டும், டிரையாம்சினோலோன் போன்ற மருந்துகளுக்கு 10 நாள். டிராமடால் என்ற வலிமருந்து 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத் தடைக்குள் வந்தது. ஒரு பொருளைத் தடைசெய்ய வாடா பார்க்கும் அளவுகோல்கள் மூன்று: திறனைக் கூட்டுகிறதா, உடல்நலத்துக்குத் தீங்கா, விளையாட்டின் அறத்துக்கு விரோதமா. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான பட்டியலில் பல் பிடுங்க உதவும் லிடோகெய்னைச் சேர்ப்பது கடினம் என்பது புரிகிறது. ஆகவே பொறுப்பு குத்துச்சண்டையை நடத்துபவர்கள் தலையில் விழுகிறது.

அவர்களில் சிலர் அதை ஏற்றிருக்கிறார்கள். நெவாடா மாநில விதி, ஆணையம் அனுமதிக்காத எந்த மருந்தையும் ஊசியையும் உடலின் எந்தப் பகுதியிலும் போட்டிக்கு முன்போ நடுவிலோ செலுத்தக் கூடாது என்கிறது. 2015 மே 2 அன்று லாஸ் வேகஸில் அந்த விதி உலகின் கண்முன் சோதிக்கப்பட்டது. மேவெதரை எதிர்க்கவிருந்த மேனி பாக்கியாவோவுக்குப் பயிற்சியில் தோள் கிழிந்திருந்தது. போட்டியன்று மாலை டோரடால் ஊசிக்கு அவருடைய அணி அனுமதி கேட்டது, ஆணையம் மறுத்தது. முந்தைய நாள் நிரப்பிய படிவத்தில் தோள் காயம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் தரப்பட்டிருந்ததே காரணம். ஊசி இல்லாமல் ஆடித் தோற்ற பாக்கியாவோவுக்குச் சில நாட்களில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏமாற்றப்பட்டோம் என்று பணம் கட்டிப் பார்த்த ரசிகர்கள் தொடுத்த வழக்குகளை 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த மாலை ஆணையம் எடுத்த முடிவு சரியானதே. மருந்து ஆபத்தானதா என்ற விவாதத்துக்கு முன்பே, காயத்தை மறைத்துவிட்டு மருந்தை மட்டும் கேட்க முடியாது என்ற அடிப்படையை அது நிலைநாட்டியது.

குதிரைப் பந்தயத்தோடு ஒப்பிட்டால் மனிதருக்கான விதிகள் எவ்வளவு பின்தங்கியவை என்பது தெரியும். மரப்பு மருந்தோடு குதிரையை ஓடவிடுவது அங்கே கடுமையான குற்றம். உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு போட்டிக் குதிரைகளின் கால்களில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று தொட்டுச் சோதிக்கும் முறையையே வைத்திருக்கிறது. வலி தெரியாத காலால் ஓடும் குதிரை தன்னையும் முறித்துக்கொள்ளும், முதுகில் இருப்பவரையும் கொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவிலும் ஊசி பற்றிய எச்சரிக்கை ஒருமுறை உரக்க ஒலித்தது. 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின்போது இந்தியக் குத்துச்சண்டை அணியினர் தங்கியிருந்த இடத்தருகே ஊசிக்குழல்கள் கிடைத்தன. உடல் சோர்ந்த ஒருவருக்கு வைட்டமின் ஊசி போடப்பட்டதாக விளக்கம் தரப்பட்டது. ஊக்கமருந்து எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் 'ஊசி கூடாது' என்ற விதியை மீறியதற்காக அணி மருத்துவர் கண்டிக்கப்பட்டார். பல நாட்டு வீரர்கள் கூடும் போட்டிகளில் ஊசி என்பதே விளக்கம் சொல்லவேண்டிய செயல் என்று அந்தக் கண்டிப்பு சொன்னது. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கும் அந்த நெறியே வர வேண்டும்.

ஊசியைத் தள்ளுவது பணம்

இந்தப் பழக்கத்துக்கு வீரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. தொழில்முறை வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மேடை ஏறினால் கூலி. ஏறாவிட்டால் எதுவும் இல்லை. இரண்டு மூன்று மாதப் பயிற்சிக்குக் கடன் வாங்கியிருப்பார். பயிற்சியாளருக்கும் கூட ஆடிப் பழகியவர்களுக்கும் பாக்கி இருக்கும். போட்டிக்குப் பத்து நாள் முன்பு முட்டி வீங்கினால் அவர் முன் நிற்பவை ஓய்வும் பட்டினியும், இல்லையேல் ஊசியும் கூலியும். அந்த நிலையில் கையெழுத்தாகும் சம்மதப் படிவத்தைச் சுதந்திரமான முடிவு என்று சொல்ல மனம் வரவில்லை. மருத்துவரும் அதே முகாமின் சம்பளத்தில் இருக்கிறார். வேண்டாம் என்று சொல்பவர் அடுத்த முறை அழைக்கப்பட மாட்டார். பச்சேகோ எச்சரித்தும் அலி மேலும் நான்கு முறை மேடை ஏறினார்.

மறுபக்கம், ஓய்வு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஜப்பானின் நவோயா இனோவே 2014 டிசம்பர் 30 அன்று ஒமர் நார்வாயெஸை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்திப் பட்டம் வென்றார். அதில் வலதுகை கெட்டது. பட்டம் கையில் இருந்தும் அறுவை செய்துகொண்டு, ஏறத்தாழ ஓராண்டு ஒதுங்கியிருந்தார். அதன் பின்னர் 2022இலும் 2023இலும் இரண்டு எடைப்பிரிவுகளில் எல்லாப் பட்டங்களையும் ஒன்றுசேர்த்தார். அந்த ஓராண்டை அவரால் தாங்க முடிந்தது. முதல் பத்துப் போட்டிகளில் இருக்கும் பெயரில்லாத இளைஞரால் முடியாது. விதி எழுதுபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்த இளைஞரைத்தான்.

செய்ய வேண்டியவை

போட்டி நாளில் குத்தும் கையை மரக்கச் செய்வது எல்லா ஆணையங்களிலும் முழுமையாகத் தடைசெய்யப்பட வேண்டும். மீறினால் கட்டுத்துணியில் மோசடி செய்தவருக்குக் கிடைக்கும் அதே தண்டனை கிடைக்க வேண்டும்; ஊசி போட்ட மருத்துவரின் உரிமமும் விசாரிக்கப்பட வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வலிமருந்துகள் போட்டிக்கு முந்தைய நாட்களிலிருந்தே விலக்கப்பட வேண்டும். லிடோகெய்னைச் சிறுநீர்ச் சோதனையில் கண்டறிவது ஆய்வகங்களுக்குப் பெரிய வேலை இல்லை என்பதால், இது காகிதத் தடையாக இருக்கத் தேவையில்லை. கட்டுப்போடுவதற்கு முன் ஆணையத்தின் மருத்துவர் முட்டிகளை அழுத்திப் பார்த்து, உணர்வு இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்திடுவது சில நிமிட வேலை.

ஸ்டீராய்டு ஊசியை மருத்துவத்திலிருந்து துரத்த வேண்டியதில்லை. ஓய்வுக் காலத்தில், படம் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் போடலாம். போட்ட நாளை ஆணையத்தின் பதிவில் சேர்த்து, குறிப்பிட்ட வாரங்களுக்குப் போட்டி அனுமதி தானாகவே நிற்கும்படி செய்தால் போதும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தொழில்முறைக் குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம், காயம்பட்ட வீரர்களை இடைநிறுத்தும் நடைமுறையை மாநிலங்கள் வைத்திருக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கிறது. ஊசியையும் அதே பதிவேட்டில் எழுதினால் ஆயிற்று. பயிற்சிக்கும் போட்டிக்கும் நடுவே காயக் கணக்கில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியைக் குறைக்க, கட்டுத்துணியின் அளவையும் முட்டிப் பாதுகாப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது காயத்தால் விலகுபவருக்கான இழப்பீடு. பெரிய போட்டிகளின் ஒளிபரப்பு வருமானத்திலிருந்து சிறு பங்கை ஒதுக்கி, மருத்துவச் சான்றோடு விலகும் வீரருக்குப் பயிற்சிச் செலவையாவது திருப்பித் தரும் நிதியை ஆணையங்கள் உருவாக்க வேண்டும். 2015இல் ஒரே இரவில் 46 இலட்சம் கட்டண ஒளிபரப்புகளை விற்ற தொழில் இது. பணம் இல்லை என்று அதனால் சொல்ல முடியாது. 'கை வலிக்கிறது, இந்த முறை முடியாது' என்று சொன்னால் வீட்டில் அடுப்பு எரியும் என்ற உறுதி இருந்தால், பெரும்பாலான வீரர்கள் ஊசியைக் கேட்கவே மாட்டார்கள். அந்த உறுதியைத் தராமல் தடையை மட்டும் போட்டால் ஊசி மருத்துவமனையிலிருந்து கழிப்பறைக்கு இடம் மாறும்.

குத்துச்சண்டையை நேசிப்பவர்கள் வலியைத் தாங்கும் துணிவைக் கொண்டாடுகிறோம். அந்தக் கொண்டாட்டம் நியாயமாக இருக்க வேண்டுமானால் மேடையில் இருக்கும் இருவருக்கும் வலி தெரிய வேண்டும். ஒருவர் கையில் எழும் வலி அவருடைய எலும்பையும் எதிரில் நிற்பவரின் மூளையையும் சேர்த்துக் காக்கிறது. ஆகவே அதை அணைக்கும் முடிவை ஒரு வீரரும் அவருடைய மருத்துவரும் மூடிய அறைக்குள் எடுத்துவிட முடியாது. எதிராளிக்குச் சொல்லத் துணியாத ஊசியைப் போடவும் கூடாது என்பதே இந்தத் தொழில் தனக்கு விதித்துக்கொள்ள வேண்டிய குறைந்தபட்ச நெறி.